கன்கஷன் உண்டாக்கிய டாக்கிளுக்கு எவ்வளவு தண்டனை போதும்?

சாட்ஸ்வொர்த் தந்தை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் காவடித் திருவிழா, தமிழ் வகுப்பு ஆகியவற்றைப் பற்றியே எழுதிவந்திருக்கிறேன். இன்று ரக்பியில் எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளையும், அதில் அடிபட்டு மூளை குலுங்கும் கன்கஷனையும் பற்றிக் கேட்க வேண்டிய நிலை. எங்கள் வீட்டில் என் அப்பா காலத்திலிருந்து கால்பந்துதான். மகன்தான் முதலில் ரக்பிப் பந்தைக் கையில் எடுத்தவன். ஆகவே விதிகளை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.

அவனுக்கு வயது 15. சில வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை நடந்த பள்ளி ஆட்டத்தில், பந்தை ஏந்தி ஓடிய அவன்மீது எதிரணிப் பையன் ஒருவன் கைகளை விரித்துப் பிடிக்க முயலாமல், தோளை முன்னே கொடுத்து, நிமிர்ந்த உடம்போடு வந்து மோதினான். தோள் தாடையில் பட்டது. என் மகன் மயங்கி விழவில்லை. எழுந்து நின்றான், ஆனால் நேராக நடந்துபோய் எதிரணியின் வரிசையில் நின்றுகொண்டான். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

நடுவர் உடனே, கன்கஷன் என்று ஐயம் வந்தால் காட்டும் நீல அட்டையைக் காட்டி அவனை வெளியேற்றினார். அதற்காக அவருக்கு என்றும் நன்றியுடையவனாக இருப்பேன். மோதிய பையனுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. அவன் சிறிது நேரம் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வந்தான், எங்கள் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ஒரு ட்ரையும் போட்டான். அடுத்த சனிக்கிழமையும் அவன் ஆடினான் என்று கேள்விப்பட்டேன். என் மகனோ குறைந்தது 19 நாட்கள் ஆடக்கூடாது என்று சொல்லப்பட்டு, முதல் வாரம் முழுவதும் புத்தகத்தைத் திறந்தால் தலைவலி, வெளிச்சம் பட்டால் கண்கூச்சம் என்று முடங்கிக் கிடந்தான். தேர்வில் இரண்டு பாடங்களைத் தவறவிட்டான்.

அடிபட்டவனுக்குப் பத்தொன்பது நாள், அடித்தவனுக்குச் சில நிமிடம். இந்தக் கணக்கை என்னால் செரிக்க முடியவில்லை. அடிபட்ட ஆட்டக்காரர் மருத்துவரின் அனுமதியோடு களத்துக்குத் திரும்பும் நாள்வரை, விதியை மீறி அவரை அடித்தவரும் ஆடக்கூடாது என்று ஒரே வரியில் ஒரு விதி வைத்தால் என்ன? இதில் என்ன தவறு இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

விசில்காரர்

ஐயா, உங்கள் மகன் நலம்பெற வேண்டுகிறேன். தென்னாப்பிரிக்காவின் இந்தக் குவாசுலு-நடால் மாகாணத்தில் பல ஆண்டுகளாகப் பள்ளி ஆட்டங்களுக்கும் மன்ற ஆட்டங்களுக்கும் நடுவராக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மஞ்சளோடு போகிற குற்றமல்ல, முழு ஆட்டத்துக்கும் வெளியேற்றும் சிவப்பு அட்டைக்குரியது. தலையில் மோதல் நடந்தால் நடுவர் நான்கு கேள்விகளை வரிசையாகத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது 2021 முதல் உலக ரக்பி அமைப்பு வகுத்துள்ள நடைமுறை. தலையில் பட்டதா? அது விதிமீறலா? அபாயம் எந்த அளவு? குற்றத்தைக் குறைக்கும் சூழ்நிலை ஏதேனும் உண்டா? கையை மடக்கிக்கொண்டு, நிமிர்ந்து, வேகமாக வந்து தோளால் தாடையில் மோதினால் முதல் மூன்றுக்கும் விடை தெளிவு. நான்காவதற்கு, பந்தை ஏந்தியவர் கடைசி நொடியில் திடீரெனத் தாழ்ந்தாரா என்பது போன்றவற்றைப் பார்ப்போம். ஆனால் பிடிக்கும் முயற்சியே இல்லாத தோள்மோதலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே சிவப்பு. தொலைக்காட்சி ஆட்டங்களில் மறுபார்வைக் காட்சிகளும், மஞ்சளைச் சிவப்பாக உயர்த்த எட்டு நிமிட அவகாசம் பெற்ற பங்கர் அதிகாரியும் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலைப் பள்ளித் திடலில் இருப்பவை இரண்டு கண்களும் ஒரு விசிலும்தான். அந்த நடுவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் இப்படித் தவறவிட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் விதிக்கு வருகிறேன். அந்த நான்கு கேள்விகளில் 'அடிபட்டவருக்கு என்ன ஆயிற்று?' என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். அது மறதியால் விடுபட்டதன்று. நம் டர்பன் ரசிகர்கள் யாரும் மறக்க முடியாத ஒருவரின் கதையை எடுத்துக்கொள்வோம். 2016 ஜூன் மாதம் கேப் டவுன் நியூலண்ட்ஸ் திடலில் அயர்லாந்துக்கு எதிரான டெஸ்டில், தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் பாட் லாம்பி பந்தை உதைத்த நொடியில் அதைத் தடுக்க எம்பிய சி.ஜே. ஸ்டாண்டரின் இடுப்பு அவர் தலையில் மோதியது. லாம்பி அசைவற்றுக் கிடந்தார். ஸ்டாண்டர் நம் ஜார்ஜ் நகரத்துப் பிள்ளை, அயர்லாந்துக்கு ஆடியவர். அவருக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. அயர்லாந்து பதினான்கு பேரோடு மீதி ஆட்டத்தை ஆடி 26–20 என்று வென்றது, தென்னாப்பிரிக்க மண்ணில் அவர்களுடைய முதல் வெற்றி. ஸ்டாண்டருக்கு ஒரு வாரத் தடை. எம்பியவர் அந்தரத்தில் திசைமாற முடியாது, ஆனாலும் எம்பியது அவருடைய முடிவு. அதற்கு அவ்வளவு என்று ஒழுங்குக் குழு கருதியது.

அடுத்த ஆண்டு டர்பனின் ஷார்க்ஸ் அணி ஆடிய ஆட்டம் ஒன்றில் லாம்பி தம் அணித்தோழர் ஒருவரோடே மோதி மீண்டும் தலையில் அடிபட்டார். பிறகு பிரான்சுக்குப் போனார். கன்கஷன் அவரை விடவில்லை. 2019 ஜனவரியில், 28 வயதில் ஓய்வுபெற்றார். உங்கள் விதிப்படி பார்த்தால் இரண்டாவது மோதலுக்குத் தண்டிக்க ஆள் இல்லை; முதல் மோதலுக்கோ ஸ்டாண்டர் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. லாம்பி திரும்ப எடுத்துக்கொண்ட காலத்தில் எவ்வளவு அந்த இடுப்பினால், எவ்வளவு அதற்கு முன்பே பட்ட அடிகளால், யார் பிரிப்பது?

மறுபுறம் பாருங்கள். 2011 உலகக் கோப்பை அரையிறுதியில் வேல்ஸ் தலைவர் சாம் வார்பர்ட்டன் பிரான்சின் வின்சென்ட் கிளெர்க்கைத் தூக்கித் தலைகீழாகச் சாய்த்தார். தொடக்கத்திலேயே சிவப்பு அட்டை. வேல்ஸ் 8–9 என்று தோற்றது. கிளெர்க் பிழைத்துக்கொண்டார் என்பதற்காக அந்த அட்டை தவறாகிவிடுமா? அன்று ஒரு நாடே கொதித்தது. ஆனால் தூக்கிச் சாய்க்கும் டாக்கிளை இன்று எத்தனை ஆட்டங்களில் காண்கிறீர்கள்? விளைவைப் பாராமல் செயலைத் தண்டித்ததால்தான் அது அருகிப்போனது என்பது என் உறுதியான எண்ணம்.

பைன்டவுன் மருத்துவர்

அண்ணன் விசில்காரர் சொன்னதை நான் மருத்துவத்தின் பக்கமிருந்து வலியுறுத்த விரும்புகிறேன். அதற்கு முன் தகப்பனாருக்கு ஒன்று: உங்கள் மகன் மயங்கவில்லை என்பதால் அடி இலேசானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கன்கஷன் அடைபவர்களில் மிகப் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. எதிரணி வரிசையில் போய் நின்றானே, அதுவே போதுமான அடையாளம். தலை ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் கன்கஷன் இல்லை என்று பொருளல்ல. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவதற்கு. கன்கஷனில் குலைவது மூளைச் செல்களின் வேலையே அன்றி, படத்தில் தெரியும் வடிவம் அல்ல.

மண்டையோட்டுக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று சுழலும்போது மூளை சற்றுப் பிந்திச் சுழல்கிறது. அந்த இழுபறியில் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. தாடையில் படும் அடி தலையை மிக எளிதாகச் சுழற்றிவிடுவதால்தான் குத்துச்சண்டை வீரர்கள் தாடையைக் குறிவைக்கிறார்கள். தலையில் எதுவுமே படாமல், மார்பில் பலமாக மோதியதாலேயே கழுத்து வெட்டி இழுக்கப்பட்டுக் கன்கஷன் வருவதும் உண்டு. முற்றிலும் விதிக்குட்பட்ட டாக்கிளில்கூட இது நடக்கும். ஒரே அடியை இரண்டு பையன்கள் வாங்கினால் ஒருவன் ஒரு வாரத்தில் தேறுவான், மற்றவனுக்கு ஒன்றரை மாதம் ஆகும். ஏற்கெனவே அடிபட்டவன், ஒற்றைத்தலைவலி உள்ளவன், வளரும் பருவத்தில் இருப்பவன் ஆகியோர் தாமதமாகத் தேறுவார்கள். ஆகவே குணமாகும் நாட்களைக் குற்றத்தின் அளவுகோலாகக் கொண்டால், நீங்கள் அளப்பது அடித்தவனின் தவற்றை அன்று, அடிபட்டவனின் மூளையை.

எனக்கு இன்னும் பெரிய அச்சம் ஒன்று உண்டு. நோயறிதலோடு தண்டனையைக் கட்டிவிட்டால் நோயறிதல் கெட்டுப்போகும். கன்கஷனுக்கு இரத்தப் பரிசோதனை போன்ற முடிவான சோதனை இன்று களத்தில் இல்லை. ஆட்டக்காரர் சொல்லும் அறிகுறிகளை நம்பித்தான் நாங்கள் பெரும்பகுதி முடிவெடுக்கிறோம். 'எனக்கு இன்னும் தலை வலிக்கிறது' என்ற ஒரு வாக்கியம் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை இறுதிப் போட்டிவரை உட்கார வைக்கும் என்றால், அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி யாரோ ஒருவர் காதில் ஓதுவார். மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். 2009 இல் ஹார்லிக்வின்ஸ் அணி, ஆட்டக்காரர் ஒருவரை மாற்றுவதற்காகப் பொய் இரத்தம் நிறைந்த குப்பியை அவர் வாயில் கடிக்கச் செய்தது. பயிற்சியாளர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது. மருத்துவ விதியை ஆட்டத் தந்திரமாக்கக் கூசாதவர்கள் இருக்கவே செய்கிறார்கள். எதிர்த்திசையிலும் நடக்கும்: அடித்தவனும் அடிபட்டவனும் நண்பர்களாக இருந்தால், நண்பனுக்காக வலியை மறைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். முதல் அடி ஆறாமல் இரண்டாவது அடி வாங்கும் சிறுவனுக்கு மூளை வீங்கி உயிரே போகலாம். அரிதுதான், ஆனால் கனடாவில் 2013 இல் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ரக்பியில் அப்படி இறந்த பிறகே ஒண்டாரியோ மாகாணம் தனிச்சட்டம் இயற்றியது.

அடுத்து, இந்தக் கேள்வியில் எல்லாரும் மறந்துவிடும் ஒரு செய்தி. நம் நாட்டு விளையாட்டு அறிவியலாளர் ராஸ் டக்கரும் அவருடைய குழுவும் 2013 முதல் 2015 வரையிலான தொழில்முறை ஆட்டங்களில் தலைக்காயச் சோதனைக்கு அனுப்பப்பட்ட 611 நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு டாக்கிளில் நேர்ந்தவை. அந்த டாக்கிள்களில் தலையில் அடிபட்டவர் பந்தை ஏந்தியவரா, பிடித்தவரா? பத்தில் ஏழு முறை பிடித்தவர்தான். நிமிர்ந்து நின்று டாக்கிள் செய்யும்போது இருவர் தலைகளும் ஒரே உயரத்தில் சந்திக்கின்றன. குனிந்து செய்யும்போது அபாயம் பெரிதும் குறைகிறது. உங்கள் மகன்மீது மோதிய பையன் அடுத்த சனிக்கிழமையும் அப்படியே நிமிர்ந்து மோதப்போகிறான் என்றால், முதலில் உடையப்போவது பெரும்பாலும் அவனுடைய தலையாகத்தான் இருக்கும். அவனைத் தண்டிப்பது அவனையே காப்பதற்கும்தான் என்று நான் கருதுவது இதனால்.

பழைய ஹூக்கர்

டாக்டர் அக்கா சொன்ன கடைசிப் பத்தியைப் பள்ளிப் பயிற்சியாளர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். ஆனால் தண்டனையைப் பற்றி என் கருத்து வேறு.

ஒரு பதினைந்து வயதுப் பையன் தானாகவே தோளை மடக்கி மோதக் கற்றுக்கொள்வதில்லை. யாரோ ஓரத்தில் நின்று கத்தியிருக்கிறார்கள், யாரோ 'பெரிய அடி' என்று கைதட்டியிருக்கிறார்கள், அப்பாக்கள் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். நான் பன்னிரண்டு ஆண்டுகள் பயிற்சியளித்தவன். முதல் ஐந்தாண்டுகளில் நானும் அப்படிக் கைதட்டியவன்தான் என்பதை மறைக்கவில்லை. இந்நிலையில் சிவப்பு அட்டையும் தடையும் அந்தப் பையன்மீது மட்டும் விழுந்தால் பயிற்சியாளர் அடுத்த வாரம் வேறொரு பையனை அதே இடத்தில் நிறுத்திவிட்டு நடந்துபோவார்.

பிடிப்பது எப்படி என்று கற்பிக்கும் வகுப்புக்குப் போனால் தடையில் ஒரு வாரத்தைக் கழிக்கும் ஏற்பாட்டை உலக ரக்பி 2021 இல் கொண்டுவந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் இங்கிலாந்தின் ஓவன் ஃபாரல் 2023 ஜனவரியில் அந்த வகுப்பை முடித்துத் தம் தடையைக் குறைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் வேல்ஸுக்கு எதிராக மீண்டும் தலைமட்டத்தில் டாக்கிள் செய்து சிவப்பு வாங்கினார். அதற்குப் பிறகு நடந்ததோ இன்னும் வேடிக்கை: ஒழுங்குக் குழு அந்தச் சிவப்பை நீக்கியது, உலக ரக்பியே மேல்முறையீடு செய்தது, நான்கு ஆட்டத் தடை வந்தது. முப்பதைத் தாண்டிய கைக்கு ஒரு மாலை வகுப்பில் புதுப் பழக்கம் வராது. பன்னிரண்டு வயதில் வரும்.

நம் சடுகுடுவில் பாடி வருபவனின் கணுக்காலை மடக்கிப் பிடிப்பவனுக்குத்தானே பெருமை? மார்போடு மார்பு மோதுபவனை யாரும் வீரன் என்று சொல்வதில்லை. தாழ்ந்து பிடிப்பது கோழைத்தனமல்ல என்ற எண்ணத்தை ரக்பியிலும் விதைக்க வேண்டும்.

என் முன்மொழிவு இதுதான்: ஒரு பருவத்தில் ஒரே அணியைச் சேர்ந்தவர்கள் தலையில் மோதியதற்காக இரண்டு அட்டைகள் வாங்கினால், அந்த அணியின் பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்தில் திடலுக்கு வரக்கூடாது. மூன்றாவது அட்டைக்கு அவர் பாக்ஸ்மார்ட் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து முடிக்க வேண்டும். நம் நாட்டில் பயிற்சியாளரும் நடுவரும் இரண்டாண்டுக்கொரு முறை அந்தப் பாதுகாப்புப் பயிற்சியை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். அதையே தண்டனையாகவும் பயன்படுத்தலாமே.

விசில்காரர்

ஹூக்கர் அண்ணன், பயிற்சியாளரைத் தண்டிப்பதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஆட்டக்காரர்மீதான அட்டையைத் தளர்த்திவிடாதீர்கள். இப்போது வந்துள்ள இருபது நிமிடச் சிவப்பு அட்டை எனக்கு உடன்பாடானதன்று. வெளியேற்றப்பட்டவர் திரும்பமாட்டார், ஆனால் இருபது நிமிடம் கழித்து வேறொருவர் அவருக்குப் பதிலாக வரலாம். தெற்கு அரைக்கோளத்தில் 2020 இல் தொடங்கிய இந்தச் சோதனையைப் பிரான்சும் அயர்லாந்தும் எதிர்த்தன. ஆட்டம் கெட்டுவிடக் கூடாது, பணம்கொடுத்து வந்தவர்கள் பதினைந்துக்குப் பதினைந்து பார்க்க வேண்டும் என்பதே இதன் பின்னுள்ள நியாயம். 2023 உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன் நம் ஜெஸ்ஸி கிரீலின் தலையில் மோதியதற்காக முழுச் சிவப்பு வாங்கினார். ஆடவர் இறுதிப் போட்டி ஒன்றில் சிவப்பு வாங்கிய முதல் ஆள் அவரே. நாம் 12–11 என்று வென்றோம். பதினான்கு பேரோடு அவர்கள் கடைசிவரை போராடிய அந்த ஆட்டம் கெட்டுவிட்டதா, சொல்லுங்கள்?

ஆனால் அதே இரவில் நம் தலைவர் சியா கொலிசி ஆர்டி சவேயாவின் தலையில் மோதினார். பங்கர் பார்த்துவிட்டு மஞ்சளாகவே விட்டது. கேன் நிமிர்ந்து வந்தார், கொலிசி தாழ முயன்றார் என்ற வேறுபாடு விதிப்படி செல்லும். ஆயினும் நியூசிலாந்துக்காரர்கள் இன்றுவரை இதைப் பேசுவதில் வியப்பில்லை. அவர்களிடத்தில் நான் இருந்தால் நானும் பேசியிருப்பேன்.

மாரிட்ஸ்பர்க் வழக்கறிஞர்

தகப்பனாரின் கேள்வியில் இரண்டு தனித்தனி வேட்கைகள் பின்னிக்கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, தவறு செய்தவன் தண்டிக்கப்பட வேண்டும். மற்றொன்று, என் மகன் இழந்ததற்கு ஈடு வேண்டும். தண்டனை செய்தவனின் குற்றத்தை நோக்கும். இழப்பீடு அடைந்தவனின் இழப்பை நோக்கும். பத்தொன்பது நாளுக்குப் பத்தொன்பது நாள் என்பது இழப்பை அளந்து தண்டனையாகக் கொடுப்பது. கண்ணுக்குக் கண் என்ற பழைய நியாயம் நம் மனத்துக்கு இதமாக இருப்பதால் அது சரியென்று படுகிறது.

விளைவையும் ஓரளவு கணக்கில் எடுக்கும் விளையாட்டு இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் கவனக்குறைவா வேண்டுமென்றா, உடலின் எந்தப் பகுதி, தாக்கம் எவ்வளவு என்ற மூன்றையும் அட்டவணையில் வைத்துத் தடையைக் கணக்கிடுகிறார்கள்; தாக்கத்தை நிறுக்கும்போது எதிராளிக்கு நேர்ந்த காயமும் நிறுக்கப்படுகிறது. 2021 இல் பாட்ரிக் டேஞ்சர்ஃபீல்டு, மோதத் தேவையில்லாத இடத்தில் மோதத் தேர்ந்தெடுத்து எதிராளிக்குக் கன்கஷன் ஏற்படுத்தியதால் மூன்று ஆட்டத் தடை பெற்றார். மோத முடிவெடுத்தால் பின்விளைவும் உன்னுடையதே என்பது அங்குள்ள கொள்கை. தகப்பனாரின் எண்ணத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் அங்கும் எத்தனை நாளில் குணமானார் என்று யாரும் எண்ணுவதில்லை. காயம் உண்டாக்கக்கூடிய செயலா என்பதும் சேர்த்தே பார்க்கப்படுகிறது.

நீதிமன்றத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2005 இல் மேற்குக் கேப்பில் நடந்த பள்ளி ரக்பி ஆட்டத்தில், இரு அணி முன்வரிசைகளும் முட்டித் தள்ளும் ஸ்க்ரம் இணையும்போது, முன்னரே பேசிவைத்த ஒரு சூழ்ச்சியால் எதிரணி ஹூக்கரின் (முன்வரிசையின் நடுவில் நிற்பவரின்) கழுத்து படுகாயமடைந்தது. வழக்கு புளூம்ஃபொன்டைனிலுள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2012 இல் தீர்ப்பாயிற்று. திடலில் இறங்கும் ஒவ்வொருவரும் ஆட்டத்தில் இயல்பாக நேரும் காயங்களுக்கு, சில விதிமீறல்களுக்கும்கூட, உடன்பட்டவர்களே. ஆனால் வேண்டுமென்றே செய்யப்பட்ட, மிகக் கொடிய அபாயமுள்ள, எந்த ஆட்டக்காரரும் எதிர்பார்க்க வேண்டியிராத ஒரு செயலுக்கு அந்த உடன்பாடு நீளாது என்று நீதிமன்றம் கூறி, அதைச் செய்த பையனையே இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கியது. அங்கே முன்கூட்டிய திட்டமும் அதற்கொரு குறிச்சொல்லும் இருந்ததாக நிறுவப்பட்டது. உங்கள் மகனின் நிகழ்வில் அப்படி ஏதும் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. ஆகவே வழக்கைப் பற்றி எண்ணுவதைவிட, பள்ளிக்கு எழுத்தில் முறையிடுவதே தக்கது.

முறையீட்டில் என்ன கேட்பது? மோதிய பையனின் பெயரைச் சுட்டி அவனுக்கு இத்தனை வாரம் என்று கேட்காதீர்கள். தலையில் படும் எந்த விதிமீறலுக்கும் குறைந்தது நடுத்தர அளவுத் தண்டனை என்பது உலக ரக்பியின் ஒழுங்கு நெறி. தோளுக்கு மேல் செய்யும் டாக்கிளுக்கு அது ஆறு வாரத்தில் தொடங்குகிறது, முன்பு குற்றமில்லாதவருக்குப் பாதிவரை குறையலாம். பள்ளி ஆட்டத்தில் நடுவர் தவறவிட்ட நிகழ்வைக் காணொளி இருந்தால் பின்னர் ஆராய ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அதற்கு இரு பள்ளிகளும் பதில்சொல்லக் கடமைப்பட்டவை.

பைன்டவுன் மருத்துவர்

ஒரே ஒரு சேர்க்கை. அடித்தவரை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். கன்கஷன் அடைந்தவரைக் களத்திலேயே வைத்திருப்பவரையும் அதே தட்டில் நிறுக்க வேண்டும். நீல அட்டை காட்டப்பட்ட பையனை மறைத்து அடுத்த வாரம் வேறு அணியில் இறக்கும் பயிற்சியாளர்களை எனக்கு நேரில் தெரியும். அவசரப் பிரிவில் அந்தப் பிள்ளைகளை நான்தான் பார்க்கிறேன். உயர்நிலை ஆட்டங்களில் 2024 முதல் உணர்கருவி பொருத்திய பல்காப்புகள் உலுக்கலை அளந்து ஓரத்தில் நிற்கும் மருத்துவருக்கு எச்சரிக்கை அனுப்புகின்றன. நம் சனிக்கிழமைத் திடல்களுக்கு அது எப்போது வரும் என்று நான் காத்திருக்கப்போவதில்லை. என்னைக் கேட்டால் மிகக் கடுமையான தண்டனை இதற்குத்தான்: தோள்மோதல் ஒரு நொடியின் முடிவு, அடிபட்ட பிள்ளையைத் திரும்ப இறக்குவதோ ஒரு வாரம் முழுவதும் யோசித்து எடுத்த முடிவு.

சாட்ஸ்வொர்த் தந்தை

எல்லாருக்கும் நன்றி. நான் கேட்ட விதி நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் சொன்ன 'காதில் ஓதுவார்' என்ற வரி என்னைத் தைத்தது. ஏனென்றால் இந்த மூன்று வாரக் கோபத்தில், அப்படி ஒரு விதி இருந்திருந்தால், இன்னும் இரண்டு நாள் வலிக்கிறதென்று சொல் என்று நானே என் மகனிடம் சொல்லியிருப்பேனோ என்று நேற்றிரவு எண்ணிப் பார்த்தேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வழக்கறிஞர் ஐயா கூறியபடி இரு பள்ளிகளுக்கும் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். காணொளியை ஆராய வழி வேண்டும் என்பதும், தலைமோதலுக்கு அட்டை பெற்ற ஒவ்வொரு பையனின் பெயருக்கு எதிரே அவனுக்குக் கற்பித்த பயிற்சியாளரின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதும் அதில் இருக்கும். ஹூக்கர் அண்ணன் சொன்ன இரண்டு அட்டைக் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன், அவர் அனுமதித்தால்.

கடிதத்தோடு அனுப்புவதற்காக, இன்னொரு பெற்றோர் எடுத்த முழு ஆட்டக் காணொளியை வாங்கிப் பார்த்தேன். என் மகன்மீது மோதல் நடந்தது முதல் பாதியின் இறுதியில். அதற்குச் சில நிமிடங்கள் முன்னால் இன்னொரு காட்சி இருக்கிறது. எதிரணியின் சிறிய பையன் ஒருவன் பந்தோடு வருகிறான். என் மகன் ஓடிப்போய் அவனைப் பிடிக்கிறான். முழங்கால் மடங்கவில்லை, முதுகு நேராக இருக்கிறது, தலை அவன் தலைக்கு ஒரு சாண் தூரத்தில். விசில் ஊதவில்லை. ஓரத்தில் கைதட்டல் கேட்கிறது. அதில் ஒரு குரல் என்னுடையது.

பழைய ஹூக்கர்

தம்பி, தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் அனுமதித்த பிறகு, பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பந்தில்லாமல் அழைத்துவாருங்கள். முழங்காலை மடக்குவதிலிருந்து தொடங்குவோம்.